கயலின் சீருடைக்காக நான் செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று சொல்லப் பார்த்தேன், சகோதர சகோதரிகளே. குரல் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். போன ஜூன் மாதம் எங்கள் கயலை இழந்துவிடுவோம் என்று நான் பயந்த பயம் இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.

கயல் நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. தாய் இறந்து, தகப்பனும் கைவிட்டு, இல்லத்தில் இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் குழந்தைகள் நலக் குழு அவளை எங்களிடம் வளர்க்க ஒப்படைத்தது. வருடம் ஒருமுறை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அவள் எங்களோடு இருப்பதா, இல்லத்துக்குத் திரும்புவதா என்று முடிவாகும்.

எட்டாம் வகுப்பு வரை பள்ளியிலேயே சீருடை கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு நாங்கள்தான் தைக்க வேண்டும். நான் வலங்கைமான் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன். அறுவடை முடிந்தால் நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள், கூலியும் நின்றுவிடும். அந்தக் கோடையில் என் மனைவி மேரிக்கு ஆபரேஷன் வேறு. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பள்ளி உடுப்புச் செலவுக்கு அரசாங்க உதவி இருக்கிறது என்று மேரி விசாரித்து வந்து சொன்னாள். நான் மனு கொடுக்க மறுத்துவிட்டேன். நெல்லில் ஈரம் கொஞ்சம் கூடினாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்தே பழகியவன் நான். உடுத்தக் கொடுக்க வழியில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தால், பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?

“நெல்லு மூட்டையைப் பாக்குற மாதிரியே எல்லாத்தையும் பாக்காதீங்க” என்றாள் மேரி. நான் கேட்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை அதிகாரி வருவதாகப் போன் வந்தது. பக்கத்து வீட்டு ஜெனிபரின் சீருடையை இரவல் வாங்கிக் கயலை உடுத்திக்கொள்ளச் சொன்னேன். கேட்டால் உன்னுடையது என்று சொல் என்றேன். அவள் உடுத்திக்கொண்டு வந்தாள். அடுப்படியில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, அவங்க கண்ணுக்கு எதுவும் தெரியாம மறைச்சுடும்” என்று ஜெபித்தேன்.

அதிகாரி அம்மா உள்ளே வந்ததும் கயலைத்தான் பார்த்தார். “லீவு நாள்ல எதுக்கும்மா யூனிபார்ம்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கயல் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இது ஜெனிபர் அக்காவோடது மேடம். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். எனக்கு இல்லைன்னு தெரிஞ்சா நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு மாமா பயப்படுறாங்க.”

அந்த அம்மா நோட்டில் எதையோ எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

“சார், உதவி கேட்டா பிள்ளையைப் புடுங்கிட்டுப் போவோம்னு யார் சொன்னா? ஊரு நெல்லுக்கெல்லாம் பட்டியல் எழுதுறீங்க, ஒரு மனு எழுத வரலையா? உக்காருங்க.”

மனுவை எழுதும்போது என் கை நடுங்கியது. காகிதம் நகராமல் மேரி பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியையிடமும் அந்த அம்மாவே பேசினார். சீருடை வரும்வரை கயல் சாதாரண உடுப்பில் போனாள். ஆணை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வாசலில் வண்டி நின்றாலே எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். கடைசியில் உடுப்புக்கான உதவியும் வந்தது, கயல் எங்களோடு இருக்கலாம் என்ற உத்தரவும் வந்தது. கும்பகோணத்தில் துணி எடுத்து இரண்டு செட் தைத்தோம்.

மறைக்கச் சொல்லித்தான் நான் கேட்டேன். ஆண்டவரோ அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்தார். பொய் சொல்லச் சொன்னதற்காகக் கயலிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி மாமா” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் வீட்டில் இல்லாததை இல்லை என்றே சொல்கிறோம், அவள் காது கேட்க.

உங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியக் கூடாது என்று மூடி வைத்திருக்கும் குறை இருக்கலாம். அதை இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு கேட்க வேண்டிய இடத்தில் போய் வாய்விட்டுக் கேளுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற கையால் எழுதியதையும் அவர் ஏற்றுக்கொள்கிறார். அவருக்கே மகிமை.