ஸ்டெல்லாவின் ஒரு வரி

ஸ்டெல்லா இறந்துவிட்டாள். நேற்று மாலை... பைபாஸில் லாரி மோதி.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி. அதே திருத்தணி, அதே ரயில்.

ஊரில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவள் சேர்த்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் மேசை போட்டு, காவடிக் கூட்டத்தை மறித்துப் பெயர் வாங்கினாள்.

"இன்னாம்மா, இப்பத்தான் முடி குடுத்துட்டு வரேன். அடுத்து ரத்தமா?" என்றார் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர்.

"ஆங்... முடி சாமிக்கு, ரத்தம் எனக்கு. நம்பர் சொல்லுங்க நைனா."

பட்டியல் இருந்த கணினிக் கோப்பிலிருந்து, கேட்கிற ரத்த வகைக்கு உரிய எண்களை மட்டும் எடுத்துத்தர ஒரு வரிக் கணினிக் கட்டளை எழுதினேன். என் லினக்ஸில் நன்றாக ஓடியது.

மணவூர் தாண்டும்போது ரயிலில் அவளிடம் காட்டினேன்.

"தேடறதுக்கு grep -P போட்டுகினு கீறியே... எங்க அண்ணனோட ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல இந்த -P கெடையாதுபா."

"என் மெஷின்ல ஓடுது."

"அப்ப அடிபட்டவன தூக்கிகினு உன் மெஷினாண்ட வரணுமா?"

என் கட்டளையின் கடைசியில் 2>/dev/null வேறு. பிழைச் செய்தி வந்தாலும் கண்ணில் படாது. பார்க்கச் சுத்தமாக இருக்குமென்று போட்டேன்.

அன்றே sed என்ற வேறு கருவியை வைத்து மாற்றி எழுதி வாட்ஸாப்பில் அனுப்பினாள். எந்த யூனிக்ஸிலும் ஓடக்கூடிய ஒரே வரி. "மாத்தி போட்டுடு. மறந்துடாத."

கட்டைவிரல் எமோஜியை அனுப்பினேன்.

மாற்றவில்லை.

நேற்று மருத்துவமனையில் அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டார்கள். அவள் அண்ணன் அகஸ்டின் தன் மேக்கில், பட்டியலோடு எல்லோருக்கும் பகிர்ந்திருந்த என் கட்டளையை ஓட்டினார். திரை வெறுமையாக இருந்தது. பிழை என்றுகூட வரவில்லை. பட்டியலில் யாருமே இல்லை என்று நினைத்து, ரத்தம் தேடி வேலூருக்கு ஆள் அனுப்பினார்.

நேற்று அவள் விடுப்பு; நான் மட்டும் ரயிலில் இருந்தேன். அரக்கோணத்தில்தான் சிக்னலும் அவர் அனுப்பிய செய்தியும் வந்தன. மடியில் லேப்டாப்பைத் திறந்து ஓட்டினேன்.

மூன்று எண்கள்.

முதல் எண்ணிலேயே ஒருவர் எடுத்தார். "ஆங், பஸ் ஸ்டாண்டுலதான் கீறேன். அஞ்சு நிமிசத்துல வரேன்."

வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் நின்றிருந்தார். அன்று சந்தனம் பூசியிருந்த தலையில் முடி வளர்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கா?" என்று கேட்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

முன்பே ரத்தம் கிடைத்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தைத்தான் இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என்னிடம் நிற்கவில்லை...

காலையில் அகஸ்டின் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேக்கைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

வாட்ஸாப்பில் மேலே போய் அவளுடைய வரியைத் தேடி எடுத்தேன். கீழே என் கட்டைவிரல்.

என் வரியை அழித்துவிட்டு அதை ஒட்டினேன். ஓட்டினேன்.

மூன்று எண்களும் வந்தன.

மாற்றிப் போட்டுவிட்டேன், ஸ்டெல்லா.