ருக்மிணியின் பூரித்த முகம்

இலத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மூக்கம்மாள் என்று பெயர் இருந்தால், அவளுக்கு முன்னால் பிறந்தது எதுவும் தங்கவில்லை என்று அர்த்தம். யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஆவுடைத்தாய்க்கு நாலு பிள்ளைகள் பிறந்து, நாலும் பத்து நாள் தாண்டாமல் போய்ச் சேர்ந்தன. ஐந்தாவதாக வந்ததற்குத் தொப்புள்கொடி காயுமுன் மூக்குக் குத்தி, இது பழுதான சரக்கு, எடுத்துப் போனால் உனக்குத்தான் நஷ்டம் என்று எமனை நம்பவைத்து, மூக்கம்மாள் என்று பெயரிட்டார்கள். எமனும் நம்பித் தொலைத்தான். பிள்ளை பிழைத்தது. ஆனால் போகிற இடமெல்லாம் நாலு சாவைப் பெயரில் சுமந்துகொண்டு திரியும்படி ஆயிற்று.

பத்தொன்பது வயதில் குற்றாலத்துச் செல்லப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். சீசனில் அருவிக்கரைக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் தொழில். மற்ற மாதங்களில் வயல் வேலை. எழுபத்தெட்டாம் வருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாவின் வயிற்றிலிருந்து வந்த வயிறுதானே இதுவும், அதே புத்திதானே இதற்கும் இருக்கும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை அசைந்தால் அசைகிறதே என்று பயம், அசையாவிட்டால் அசையவில்லையே என்று பயம்.

தென்காசியில் ஒரு தாய்சேய் நல விடுதியில் புதன்கிழமைதோறும் மாசமாக இருக்கிறவர்களுக்கு வகுப்பு நடந்தது. போய்த்தான் பாரேன் என்று செல்லப்பாவே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். விஜயம் சிஸ்டர் என்று ஒரு நர்ஸம்மா. கறுப்பு, நெடுநெடுவென்று உயரம், யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காத வாய். சுவரில் படம் மாட்டி வைத்துக்கொண்டு வயிற்றுக்குள் பிள்ளை எப்படிக் கிடக்கிறது, முருங்கைக்கீரை ஏன் தின்ன வேண்டும், வலி எடுத்தால் மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டவும் பழக்கினாள். மூச்சுப் பயிற்சியில் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டுவதற்குள் மூக்கம்மாளுக்கு மார்பு அடைத்துக்கொள்ளும். முதல் நாள் பேரேட்டில் பெயர் எழுதும்போது சிஸ்டர் நிமிர்ந்து, அம்மாவுக்கு எத்தனை போச்சு என்று கேட்டாள். அத்தனை பேர் நடுவில் நாலு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அங்கேதான் ருக்மிணியைப் பார்த்தாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜருடைய பெண்டாட்டி, பெரிய வீட்டு மருமகள். எல்லோருக்கும் பாய் போட்டிருக்க, அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி எப்படியோ முளைத்துவிடும். பிளாஸ்க்கில் பால் கொண்டுவருவாள். அதெல்லாம் போகட்டும், உள்ளவர்களுக்கு உண்டு என்று மூக்கம்மாள் விட்டிருப்பாள். ருக்மிணிக்குப் பயமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தலைப்பிரசவம் இருவருக்கும்தான். ஆனால் அவள் பொம்மையின் காதைத் திருகிச் சிரிப்பாள், சிஸ்டரையே கேலி செய்வாள், மூச்சை இருபது வரை எண்ணி இழுத்து ஊஞ்சல் ஆடுகிற மாதிரி விடுவாள். ருக்மிணியைப் பாத்துப் படிங்க என்று சிஸ்டர் சொல்லும்போதெல்லாம் மூக்கம்மாளுக்கு வயிறு காந்தும்.

பார்க்கத்தான் செய்தாள். படிப்பதற்காக இல்லை. தலைமுடியிலிருந்து கால் மெட்டி வரைக்கும் ஒன்று விடாமல், வாரா வாரம், கடைக்காரன் சரக்குப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மாதம் ஏற ஏற ருக்மிணியின் முகம் பூரித்துக்கொண்டே வந்தது. கன்னம் இரண்டும் பளபளவென்று, தாடை தெரியாமல் நிறைந்து, என்ன முகம் அது. மூக்கம்மாளுக்குக் கன்னம் ஒட்டிக் கண் குழிந்து வயிறு மட்டும் தனியாக முன்னால் நடந்தது. வீட்டுக்கு வந்தால் செல்லப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு தன் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பாள். அந்த முகம் எனக்கு வரக்கூடாதா, அந்தப் பெயரும் அந்த வயிறும் எனக்கு இருந்தால் நானும்தான் சிரிப்பேன் என்று மனம் கிடந்து பொருமும்.

ஆனி மாதம், சாரல் விழத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை. அன்று ருக்மிணியின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்குச் சீமந்தம். சாயங்காலம் எல்லோரும் வந்து வளையல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முந்தின வாரமே சொல்லிவைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்துத்தான் சிஸ்டர் ஆபத்துக்கான அடையாளங்களைச் சொன்னாள். கால் வீங்கினால் கலங்க வேண்டாம். முகமும் கையும் வீங்கி, தலைவலியும் வந்து, கண்ணும் மங்கினால் ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக்கூடாது. ரத்தக் கொதிப்பு ஏறிக் கைகால் வெட்டி இழுப்பு வரும், தாயும் போகும் பிள்ளையும் போகும் என்றாள். மூக்கம்மாள் உடனே தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். எலும்புதான் இருந்தது.

சாயங்காலம் ருக்மிணியின் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். கூடம் முழுக்க ஹோமப் புகை. பட்டுப் புடவையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களெல்லாம் முகத்தில் என்ன களை, என்ன பூரிப்பு என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். மாமியார் பிருஹதாம்பாள் பெருமை தாங்காமல், மருமகளுக்கு வளையல்காரர் கொண்டுவந்த வளையல் எதுவுமே ஏறவில்லை, வேறு அளவு வரவழைத்ததாக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் முறை வந்தது. ருக்மிணி வளையலை நீட்டிய விரல்களில் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. காலில் மெட்டி இல்லை. மெட்டி இருந்த விரலில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. புகையிலே காலம்பர இருந்து தலை பிளக்கறது, கண்ணே சரியாத் தெரியலை, நீ யாரு மூக்கம்மாவா என்று ருக்மிணி கேட்டாள்.

அப்போதுதான் மூக்கம்மாளுக்கு உறைத்தது. இத்தனை வாரமாக அவள் பொறாமைப்பட்டது முகத்தைப் பார்த்து அல்ல, வீக்கத்தைப் பார்த்து.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெல்லம் கரைந்த மாதிரி ஒரு தித்திப்பு நெஞ்சுக்குள் இறங்கியது. நாற்காலியும் பிளாஸ்க்கும் இருபது எண்ணுகிற மூச்சும் உள்ளவளுக்கும் வருகிறது பார் என்று தோன்றியது. வளையலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பயம் பிடித்துக்கொண்டது. வாரா வாரம் அந்த முகத்தைப் பார்த்து எரிந்தது யார்? என் கண்தான் பட்டுவிட்டதோ?

செல்லப்பாவிடம் பாதியை மட்டும் சொன்னாள். எரிந்ததைச் சொல்லவில்லை, வீக்கத்தைச் சொன்னாள்.

“பெரிய எடத்துச் சங்கதி நமக்கெதுக்கு?” என்றான் அவன். “அவுகளுக்கு டாக்டர் இல்லையா, காரு இல்லையா. நீ போயிச் சொன்னா, கண்ணு வச்சுட்டான்னு நம்ம தலையிலதான் விடியும்.”

அவன் சொன்னது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. புருஷன் பேச்சைத் தட்டாத பெண்டாட்டி என்ற பெயரை அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்தத் தெரு வழியாக நடப்பதைக்கூட விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த புதன்கிழமையும் நாற்காலி காலி. சிஸ்டர் மூச்சுப் பயிற்சி ஆரம்பித்தாள். மூக்கம்மாள் வழக்கம்போல ஐந்தில் நின்றாள். சிஸ்டருக்கு அலுத்துப்போய், ருக்மிணி இல்லாம வகுப்பே நல்லா இல்ல, அவ இருந்தா உங்களுக்கெல்லாம் காட்டிக்கொடுப்பா என்றாள். வராத நாளிலும் அவள் பெயர்தானா? மூக்கம்மாளுக்குச் சுருக்கென்று ஏறியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அவுகளுக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்கு, சிஸ்டர். மோதிரம் கழத்த முடியல. தலைவலி, கண்ணும் தெரியலன்னு சொல்லுதாக.”

நல்லது நினைத்துச் சொல்லவில்லை. உங்கள் கெட்டிக்கார மாணவியின் லட்சணத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்காட்டினாள்.

சிஸ்டர் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். “எப்பம் பாத்தே?”

“போன புதன்கிழமை.”

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிரஷர் பார்க்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டாமலே வெளியே ஓடினாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்ன ஏதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிச்சத்தைக் குற்றாலமே பேசியது. சிஸ்டர் டாக்சி பிடித்துப் போனபோது ருக்மிணி இருட்டறையில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சீமந்தத்துக்கு வந்த கூட்டத்தின் திருஷ்டி என்று பிருஹதாம்பாள் ஏழு நாளும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மாமியாரை வாய்க்கு வந்தபடி ஏசி, ருக்மிணியை டாக்சியில் தூக்கிப் போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியிலேயே இழுப்பு வந்துவிட்டது. ருக்மிணி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

மூக்கம்மாள்தான் கண்டு சொன்னாள், அவள் சொன்னதால்தான் ஓர் உயிராவது தங்கியது என்று ஊரெல்லாம் பேர். பிருஹதாம்பாள் ஒரு தாம்பாளம் பழம் அனுப்பினாள். அது வாசலிலேயே இருந்து கறுத்து அழுகியது. செல்லப்பா கேட்டதற்கு, மசக்கை இன்னும் விடவில்லை என்றாள், ஒன்பதாவது மாதத்தில்.

முன்பு அம்மாவின் வயிற்றை நினைத்துப் பயந்தாள். இப்போது ஏழு நாள் மூடிக் கிடந்த தன் வாயை நினைத்துப் பயந்தாள். அந்த ஏழு நாளுக்குப் பதிலாக எமன் தன் பிள்ளையைக் கேட்பான் என்று திடமாக நம்பினாள். ஒரு புதன்கிழமை எல்லோரும் போன பிறகு சிஸ்டரிடம் போய் நின்று, என் கண்ணுபட்டுத்தான் அவுகளுக்கு வந்துச்சா என்று கேட்டாள்.

“கண்ணு பட்டெல்லாம் யாருக்கும் பிரஷர் ஏறாது,” என்றாள் சிஸ்டர், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “நீ வாயத் தெறக்கத்தான் ஏழு நாள் ஆயிட்டு. உக்காரு, கையக் காட்டு. உனக்குப் பாக்கணும்.”

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆனால் கையை நீட்டினாள். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு நாள்கூட விடவில்லை. சொன்ன கீரையைத் தின்றாள், சொன்ன நேரத்தில் படுத்தாள், மூச்சை இருபது வரை இழுத்தாள். ஆவணி பிறந்து பத்தாம் நாள் வலி எடுத்தது. பெண் பிள்ளை, ஆறு ராத்தல். பத்து நாள் தாண்டியது. முப்பதும் தாண்டியது. இலத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வெயில் தாழுமுன் ருக்மிணி வந்தாள். தனியாக, பஸ்ஸில். பூரிப்பெல்லாம் வடிந்து கன்னம் ஒட்டியிருந்தது. ஆவுடைத்தாய் சட்டென்று துண்டை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பார்வை பச்சைப்பிள்ளை மேல் விழக்கூடாது. நாலு பறிகொடுத்தவளே இப்படி ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ருக்மிணி பாயில் உட்கார்ந்து ஊர் நியாயம் இரண்டு பேசினாள். கண் மட்டும் பேச்சில் இல்லை. துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் பெருவிரலைப் பார்த்தாள். வெள்ளிக் கொலுசைப் பார்த்தாள். தொடை மடிப்பைப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் பார்த்தாள். அந்தப் பார்வையை மூக்கம்மாளுக்குத் தெரியும். அது எங்கிருந்து கிளம்புகிறது, உள்ளே எப்படிக் காந்தும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

“ஒரு வாரம் முன்னாடியே உனக்குத் தெரியுமாமே,” என்றாள் ருக்மிணி. “சிஸ்டர் சொன்னா.”

“தெரியும்,” என்றாள் மூக்கம்மாள். செல்லப்பா சொன்னதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். “ஒங்களுக்கு வந்ததுல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா. அதான் சொல்லல.”

ருக்மிணி அழவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அந்தக் கால் விரலையே பார்த்துக்கொண்டு, “எனக்கு இப்போ உன்னைப் பாத்தா வயிறு எரியறது மூக்கம்மா,” என்றாள்.

மூக்கம்மாள் பிள்ளையின் முகத்திலிருந்து துண்டை எடுத்தாள். ஏட்டி, என்ன காரியம் செய்யுத என்று ஆவுடைத்தாய் கையைப் பிடித்தாள். அந்தக் கையை விலக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி ருக்மிணியின் மடியில் கிடத்தினாள்.

“எரியட்டும். நல்லாப் பாருங்க,” என்றாள்.

ருக்மிணி பார்த்தாள். ஆவுடைத்தாய் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மூன்றரை மணி பஸ் போயிற்று. பிள்ளை விழித்து, அழுது, ருக்மிணியின் புடவையை நனைத்து, மறுபடியும் அவள் மடியிலேயே தூங்கிப்போயிற்று. ஐந்து மணி பஸ்ஸும் போயிற்று. பிள்ளையைத் தாருங்கள் என்று மூக்கம்மாள் கேட்கவில்லை.