நோகாத சூடு

அண்ணை காய்ச்சலில் கிடந்தபோது வீட்டில் அம்மா இருந்தார், நான் இருந்தேன். அப்பு பகலில் இல்லை. புகையிலைக்கு இறைப்பு முறை வந்தால், மகன் படுக்கையில் கிடந்தாலும் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கப் போகத்தான் வேண்டும். பரியாரியார் இல்லை, டொக்டரும் இல்லை. அம்மை போட்டு அம்மாள் வந்த வீட்டுக்கு மருந்துக்காரரைக் கூப்பிடும் வழக்கம் உரும்பிராயில் எங்கள் பக்கத்தில் இல்லை. காய்ச்சல் தொடங்கிச் சில நாளில் அண்ணையின் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. அன்றே அம்மா வாசல் படலையில் வேப்பிலை செருகிவிட்டார்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். பலாலிப் பக்கம் விமானம் இறங்க நிலம் வெளியாக்கினார்கள். அண்ணை அங்கே பற்றைக்காடு வெட்டப் போனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். என் பள்ளிச் சோதனைக்குக் கட்டும் காசுக்காகத்தான் அவர் அந்த வேலைக்குப் போனார் என்று அம்மா சொல்லுவார். அண்ணை அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

பாதி குடித்த சுருட்டை அணைத்து வேட்டிக் கட்டில் செருகி வைப்பது அவர் பழக்கம். காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் அவர் கிணற்றடியில் குளிக்கும்போது, இடுப்பில் ஒரு கறுத்த பொருக்கை அம்மா கண்டார். சின்னவிரல் நுனி அளவு இருக்கும். சுற்றிவரச் சிவந்திருந்தது.

"கோதாரி, சுருட்டை அணையாமல் செருகிப்போட்டாய். ஒரு நாளைக்கு வேட்டியோடை எரியப்போறாய்."

"எரிஞ்சால் உங்களுக்கு விறகுக் காசு மிச்சமெணை."

"வாயைப் பார். நோகேல்லையே?"

"ஒரு நோவும் இல்லை."

மூவரும் சிரித்தோம். பிறகு அந்தப் பொருக்கை ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மைப் பொட்டு பொங்கி நீர் கோர்த்தால் அதை முத்து என்போம். முத்து முற்றினால் அம்மாள் இறங்குவாள். இறங்கினால் தலைக்குத் தண்ணீர் வார்க்கலாம். அம்மா அந்த முத்துக்காகக் காத்திருந்தார். காலையில் எழும்பியதும் விளக்கைப் பிடித்து அண்ணையின் முதுகைத் தடவிப் பார்ப்பார். பொட்டுகள் தட்டையாகவே கிடந்தன. சில மங்கியும் போயின. காய்ச்சல் மட்டும் அப்படியே நின்றது. அண்ணை காய்ச்சல் வேகத்தில் ஏதேதோ அலட்டத் தொடங்கினார். கூப்பிட்டால் திரும்பவில்லை.

"அம்மா, அம்மை எண்டால் கொப்புளம் வரவேணும். எங்கடை சுகாதாரப் புத்தகத்திலை கிடக்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம்."

"நாலெழுத்துப் படிச்சவுடனை அம்மாளுக்குப் பாடம் எடுக்க வந்திட்டான். அவளைச் சோதிக்காதை, மோனை. முத்து வரும்."

அப்பு தோட்டத்திலிருந்து வந்து, காலில் செம்மண்ணோடு அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வண்டிலைப் பூட்டு," என்றார்.

ஆசுபத்திரியில் டொக்டர் முதலில் பொட்டுகளைப் பார்த்தார். பிறகு அக்குளில், காதுக்குப் பின்னால் என்று எதையோ தேடினார். வேட்டியைத் தளர்த்தியதும் தேடுவதை நிறுத்தினார்.

"இது என்ன?"

"சுருட்டுச் சுட்டது, ஐயா," என்றார் அம்மா.

"சுட்டால் நோகும். இவருக்கு நொந்ததோ?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"நோகேல்லை எண்டுதான் சொன்னவர்," என்றேன்.

"எங்கை வேலை செய்தவர்?"

"பலாலிப் பக்கம் பற்றை வெட்டினவர்."

டொக்டர் என்னை வெளி விறாந்தைக்குக் கூட்டிப்போனார். பற்றைக்குள் கண்ணுக்குப் பிடிபடாத உண்ணிக்குஞ்சு இருக்கும், அது கடித்த இடம்தான் இப்படிக் கறுக்கும், அதால் வரும் காய்ச்சல் ஒருவகை டைபஸ், அம்மை இல்லை என்றார்.

"முதலே கொண்டுவந்திருந்தால், ஐயா?"

"உதுக்கெண்டு ஒரு மருந்து இன்னும் இல்லைத் தம்பி. நல்லாப் பராமரிச்சால் கனபேர் தப்புவினம். ஆனால் நீங்கள் பிந்தித்தான் வந்திருக்கிறியள்."

இதில் எந்தப் பாதியை அம்மாவிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணை செத்துப்போனார். நான் அழவில்லை. கட்டில் காலில் வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருந்த இலக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு நின்றேன். வண்டிலில் திரும்பி வரும்போது அம்மா ஒரேயொரு கதைதான் கதைத்தார்.

"வீட்டை வைச்சிருந்தால் முத்து வந்திருக்கும்."

அப்பு மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படலையில் வேப்பிலை காய்ந்து சுருண்டு கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் காலை, இறைப்புக்குப் போகமுன் அப்பு என்னைக் கூப்பிட்டார்.

"நீ கணக்குப் படிச்சனி. எல்லாத்துக்கும் எவ்வளவு காசு முடிஞ்சுது எண்டு பார்."

கோடித்துணி, பந்தல், பறை, எட்டுச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். குசினி அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விறகுக்கு எவ்வளவு போச்சு?"

"ஒன்பது ரூபாய், அம்மா."

அப்பு தண்ணீர் இறைக்கும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுத்தொகைக்காக நின்றார்.

"நாற்பத்தாறு ரூபாய், அப்பு," என்றேன்.