ஆபீசர் கேட்ட தட்டுச் சத்தம்

போன வாரம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், புதிதாய்ப் பெயிண்ட் அடித்த பெஞ்சு என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் வேட்டியின் பின்பக்கம் பச்சைப் பட்டை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த வாசனையை விட்டு நகர மனசில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

அது ட்ரங்குப் பெட்டியின் வாசனை. சீனச் சண்டைக்கு முந்திய வருஷங்களில், கறம்பக்குடியில் சுப்பையா அண்ணன் பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு, மூடியில் தாமரைப்பூ போடுகிற வேலை பெரிய உத்தியோகம். அந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் என் தாமரையோடுதான் புகுந்த வீடு போனார்கள். தாமரை என்று நான் சொன்னால்தான் தெரியும், அது வேறு விஷயம்.

தகட்டைக் கைக்கத்திரியால் வெட்டி வெட்டி அண்ணனுக்கு வலது தோளைத் தூக்க முடியாமல் போயிற்று. வெட்டுகிற மிஷின் வாங்க வசதியில்லை. பாதி விலையைச் சர்க்கார் மானியமாகத் தரும், பட்டறை நிஜமாகவே நடக்கிறதா என்று ஆபீசர் வந்து பார்ப்பார் என்று பிளாக் ஆபீசில் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் பட்டறையை மூடிவிட்டுத் திருச்சிக்குக் கூலி வேலைக்குப் போவதென்று அண்ணன் முடிவு செய்திருந்தார். என் தாமரைகளும் அதோடு சரி.

ஆபீசர் வருகிறார் என்றால் பட்டறையை அழுக்காகவா காட்டுவது? எங்களுக்குத் தெரிந்த மரியாதை ஆயுத பூஜைதான். வெள்ளையடித்தோம். துண்டுத் தகடுகளைக் கொல்லையில் கொட்டினோம். சுத்தியல், கத்திரி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் அடுக்கினோம். சலவைச் சட்டையோடு வாசலில் நின்றோம்.

வந்தவர் சுற்றிப் பார்த்தார். "இது பட்டறையா, கோயிலா?"

"எல்லாம் ஒங்களுக்காகத்தாங்க" என்றார் அண்ணன், பெருமையாக.

"சரி, ஒரு தகடு வெட்டிக் காட்டுங்க."

அண்ணன் பதறிவிட்டார். "பொட்டு வச்சாச்சுங்களே! இன்னிக்கித் தொடக் கூடாதுங்க. நாளைக்கி வாங்க சார்."

ஆபீசர் என்னிடம் திரும்பினார். "நீ இங்க என்னப்பா வேல செய்யிற?"

புது ஆளைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"ஆளக் கூட்டி நிப்பாட்டி மானியம் வாங்கப் பாக்குறீங்களா?" என்று பையைத் தூக்கினார் அவர். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

அப்போது வேலிக்கு அந்தப்பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நின்றார், தெருவுக்கே அக்கா முறையான பக்கத்து வீட்டு சைதா ராத்தா. எங்கள் சத்தத்துக்காகத் தினமும் சண்டைக்கு வருகிறவர். புகார் சொல்ல ஓர் ஆபீசரே வாசலுக்கு வந்திருக்கும்போது விடுவாரா?

"நல்லாக் கேளுங்க சார்! விடிஞ்சா டங்கு டங்குன்னு ஆரம்பிச்சா பொழுதடைஞ்சு மஃரிபு பாங்கு சொல்ற வரைக்கும் ஓயுறதில்ல. பேரப்புள்ளயத் தூங்க வைக்க முடியல. அந்தா முழிச்சிக்கிட்டு நிக்கிறானே, அவன் அடிக்கிற பெயிண்டு வாடையில எங்க வீட்டுப் பிரியாணியே பெயிண்டாத்தான் மணக்குது. இன்னிக்கி மட்டும் நல்ல புள்ளைக மாதிரி நிக்கிறானுக!"

"தெனமுமாம்மா?"

"வெள்ளிக்கெழமகூட விடுறதில்லீங்க!"

ஆபீசர் பையைக் கீழே வைத்தார். முதல்முறையாகச் சிரித்தார். "ஒரு டம்ளர் மோர் குடுங்க" என்றார்.

மிஷின் வந்தது. "மூடச் சொல்லிக் கேட்டா, மிஷினக் குடுத்துட்டுப் போயிட்டான் அந்த ஆளு" என்று ராத்தா தெரு முழுக்கச் சொன்னார். முதல் பெட்டியை அண்ணன் அவருக்கே கொடுத்தார். ராத்தா மூடியை உற்றுப் பார்த்துவிட்டு, "முட்டக்கோசு நல்லா வந்திருக்கு" என்றார்.

அதற்கப்புறமும் சண்டை நிற்கவில்லை. ஆனால் என்றாவது பட்டறைக்கு லீவு விட்டால், "என்னப்பா, சத்தத்தையே காணோம்? யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்று வேலியோரம் வந்து எட்டிப் பார்ப்பார்.

இப்போது அங்கே சூட்கேஸ் கடை. வேலி போய்ச் சுவர் வந்துவிட்டது. அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் கறம்பக்குடிக்குப் போய், பச்சை வேட்டியோடு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. ஏன் என்று கேட்க அந்தப்பக்கத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை.