வசதியை ஒளித்தவர்

செங்கல் சூளையில் வேலை பார்த்தே முதுகு வளைந்தவர் அவர். மாதாமாதம் அரசின் முதியோர் பணம் வங்கியில் விழத் தொடங்கிய பிறகுதான் மகன் வீட்டு வாசலில் போய் நிற்பதை விட்டார். மூட்டுவலிக்கு மருந்தும் வாங்க முடிந்தது. வசதியாகத் தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான் போகவில்லை.

வீடு வீடாகச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும் பெரியவர் புதுப் போர்வையையும் அரிசி மூட்டையையும் பக்கத்து வீட்டுக்குக் கடத்தினார்.

"ஏங்க, திருட்டுச் சாமானா இதெல்லாம்?" என்று மனைவி சிரித்தாள்.

"சும்மா இரு. உன் வாயாலதான் கெடப்போறோம்."

அதிகாரி வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பெரியவரே, பணம் கைக்கு வருதா?"

பயத்தில் வாய் உளறியது. "எங்க சார்... ஒண்ணும் வரல."

"மாசாமாசம் எடுத்ததா பதிவுல இருக்கே! அப்போ எவனோ திருடுறான். விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்றேன்."



மனைவி முந்திக்கொண்டாள். "அந்தத் திருடன் இவருதான் சார். வாங்கித் தின்னுட்டு, பயத்துல பொய் சொல்றாரு."

"நான்தான் சார் எடுத்தேன். நிறுத்திடாதீங்க" என்று கும்பிட்டார்.

"சாப்பிடத்தானே குடுக்கிறாங்க, பயப்படாதீங்க" என்று அதிகாரி சிரித்தபடி வெளியேறிய பிறகும் அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.