உப்பு விளைய எட்டு நிமிடம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பாலாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பழைய கணினிகளோடு மாரடிக்கும் ஆசிரியைக்கு அது வராமல் என்ன செய்யும்? மாணவர்கள் கணினி விளையாட்டு உருவாக்கும் மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கோபம் முழுவதும் என் பத்தாம் தர மாணவி மேல் பாய்ந்தது.

அவளுடைய வாப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவள் செய்த விளையாட்டும் உப்பளம்தான். கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டு, உப்பு விளைந்ததும் வார வேண்டும். அவசரப்பட்டு வாரினால் சேறு வரும், தோல்வி. விளைவதற்கு எட்டு நிமிடம் செல்லும். நடுவர் ஒரு விளையாட்டுக்குக் கொடுப்பதோ பத்தே நிமிடம்.

"எட்டு நிமிசம் எந்த மனிசன் சும்மா குந்திக்கொண்டு இருப்பான்? ரெண்டாக்குங்க, மகள்."

"ஏலா டீச்சர். உப்பு அப்பிடி விளையாது."

"அப்ப இதில வெண்டு கொழும்புப் போட்டிக்குப் போக ஆச இல்லையா?"

"சரியான ஆச, டீச்சர்." அவள் கண் கலங்கிவிட்டது. நிமிடத்தை மட்டும் மாற்றவில்லை.

போட்டியன்று நடுவர் வந்த வேகத்தில் வாரினார். சேறு. மறுபடி தொடங்கி வாரினார். மறுபடியும் சேறு. அவர் முகம் சுருங்கியது.

"இதில என்னதான் செய்யணும்?"

"கைய எடுத்துட்டுப் பாத்துக்கொண்டிருங்க, சேர்," என்றாள் அவள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவரோ கையை எடுத்துவிட்டார். பாத்தியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை படர்ந்தது. திடீரெனத் திரையின் மேலே ஒரு கருமேகம் வந்து நின்றது. பெய்தால் உப்பெல்லாம் கரைந்துவிடும். நடுவர் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார். மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் பின்னால் கூடிவிட்டார்கள். மேகம் மெல்ல அசைந்து விலகிப் போனது. பாத்தி முழுக்க வெள்ளை.

"இப்ப உப்ப வாருங்க, சேர்!"

அவர் வார, உப்பு குவிந்து எழுந்தது. யா அல்லாஹ், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. வருடக்கணக்காக உப்பளத்தை பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போனவள் நான். உப்பு விளைவதை அன்றுதான் கண்டேன்.

கொழும்புக்குத் தெரிவானோம். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: "அந்த மேகத்த நல்லா வெச்சிருந்தீங்க, மகள். சரியான நேரத்தில விலகிப் போச்சு."

"நான் வெக்கல்ல டீச்சர். அது தன்பாட்டுல வரும். போகுமா பெய்யுமா என்டு எனக்கே தெரியா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போட்டிக்காவது அத நிப்பாட்டி வெச்சிருக்கலாமே!"

"வாப்பாக்கு நிப்பாட்ட ஏலுமா, டீச்சர்?"