செருப்பு ஸ்டாண்டில் இல்லாத சாவி

ரெஜினா அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நித்யா. படப்பையில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்ட அக்காவிடம் அவள் வாராவாரம் பேசியிருக்கிறாள். பொழிச்சலூரில் பல வருடம் எதிர் வீட்டில் இருந்த நான் பேசவில்லை.

எங்கள் குடியிருப்பில் அக்காவைப் பிடிக்காதவர்களும் உண்டு. ஆரம்பத்தில் நானும் ஒருத்தி. அப்போது நித்யாவும் அவள் தம்பியும் பள்ளிப் பிள்ளைகள்; நான் ஆபீஸ் போய்விட்டால் கோடை விடுமுறையில் இருவரும் தனியாக இருப்பார்கள். யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் கமலாவுக்காக ஒரு சாவியை வெளியே, செருப்பு ஸ்டாண்டில் பழைய ஷூவுக்குள் வைத்துவிட்டுப் போவேன். ஒரு நாள் அக்கா அதை எடுத்துக்கொண்டார்.

“என்னக்கா, கேக்காம எடுத்துட்டீங்க?”

“கேட்டா நீ லெக்சர் குடுப்பே. எம்.ஏ. படிச்சுட்டு ஷூவுல சாவி வெக்கறே. திருடனுக்கு ஷூ தெரியாதா? கமலா எங்கிட்ட வாங்கிக்கட்டும்.”

நித்யாவுக்கும் பாடம் நடந்தது. “சத்தம் கேட்டா வீரம் காட்டாதே. தம்பியை இழுத்துக்கினு உள்ரூமுக்குப் போ, தாப்பா போடு, எனக்கு போன் அடி. டிவி போனா போவட்டும்.” குழந்தைகளைப் பயமுறுத்துகிறார் என்று கோபப்பட்டேன். “பயந்தா இன்னா? கை தாப்பாளுக்குப் போனா போதும்” என்றார்.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு இரண்டு பேர் மணியடித்து, வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் என்றார்கள். நித்யா பதில் சொல்லாமல் கதவின் துளை வழியே பார்த்தாள். ஒருவன் குனிந்து ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கைவிட்டுத் தேடினான். பிறகு பூட்டை நெம்பும் சத்தம். அவள் தம்பியோடு உள்ளறையில் தாழிட்டுக்கொண்டு போன் செய்தாள். அக்கா தன் கிரில் கேட்டைத் திறக்காமலேயே எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து மாடி முழுவதையும் கூப்பிட்டார். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

அவர்கள் பிடிபடவில்லை. ஆதாரமில்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனால் ஃபில்டர் பார்க்க வந்தவனுக்கு ஷூவுக்குள் என்ன வேலை?

அன்று நன்றி சொல்லப் போனேன். “அழுவாதே. போய் புள்ளைங்களுக்கு தோசை ஊத்து. சாவி மட்டும் தர மாட்டேன்” என்றார்.

அக்காவின் அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாள், முதல் மாடிக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஷூவுக்குள் சாவி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். உள்ளே எட்டு வயதுப் பெண் இருந்தாள். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது என் வழக்கமில்லை. எடுத்துக்கொண்டேன்.

“கேக்காம எடுத்துட்டீங்களே ஆன்ட்டி!” என்று மாலையில் அவள் அம்மா முகம் சிவந்தாள்.

அக்காவின் அந்த இங்கிதக் குறைவு இப்போது என்னிடம் இருக்கிறது. சாவியும் இருக்கிறது.